பச்சை மைக்கு அடியில்

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அச்சான மை இன்னும் காயவில்லை.

கலாவதி முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சுண்டுவிரல் நுனியால் மறுபடி தொட்டுப் பார்த்தாள். படத்தின் மற்ற இடமெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் அகலத்துக்கு அடித்திருந்த தட்டையான பச்சை மட்டும் பலாப்பால் மாதிரி விரலைப் பிடித்து இழுத்தது, பிறகு விட்டது. விட்ட இடத்தில் அவளுடைய ரேகை பதியவில்லை.

'மலை ஈரம், மட்டமான மை' என்று நோட்டில் எழுதினாள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் வேறென்ன எழுத முடியும். பிறகு குனிந்து மோந்து பார்த்தாள். மையின் வாசனை இல்லை. விறகுப் புகை, தேய்த்து நாலு நாளான தேங்காயெண்ணெய், மழையில் நனைந்த சாக்கு. மூன்றும் சேர்ந்த அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அதை நோட்டில் எழுதவில்லை.

அது எண்பத்தாறு நவம்பர். கிளியூரை ஒட்டிய காப்பி எஸ்டேட் ஒன்றின் பங்களா. சாப்பாட்டு அறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்துப் போட்டிருந்தாள். அடி ஓரத்தைக் கரையான் கடித்திருந்தது. தாள் முழுக்கப் பூஞ்சை பூத்துத் துருப்புள்ளி விழுந்திருந்தது. கிழிசலை யாரோ ஒட்டுநாடா போட்டு ஒட்டி, அது பழுத்து மஞ்சள் கோடாகியிருந்தது. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்த கலாவதியை, ஜனவரிக் கண்காட்சிக்கு இந்தப் படத்தைத் தேற்றிக் கொடுக்க அனுப்பியிருந்தார்கள். படத்துக்குச் சொந்தக்காரியான பங்களாவம்மாவின் அண்ணன்தான் வேலைகளை நிரந்தரம் செய்யும் கமிட்டியில் இருந்தார். "நல்லா செஞ்சு குடுத்து அந்தம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

வந்த அன்றே பங்களாவம்மா கேட்டாள், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று. சேலம், ரயில்வேயில் கிளார்க் என்று கலாவதி சொன்னாள். கல்லூரியில் முதல் வருஷம் சொல்லிப் பழகிய பதில். அப்பா செத்துப் பதினெட்டு வருஷம். அம்மா காளியாயி தலைச்சோலையில் எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில் இருந்துகொண்டு காப்பிப் பழம் பறிக்கிறாள். பங்களாவிலிருந்து தலைச்சோலைக்கு ஒரு பஸ் தூரம். கலாவதி வந்து நாலு நாளாயிற்று. போகவில்லை, சொல்லி அனுப்பவும் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை அவள் மெட்ராஸில் இருந்தாள்.

படத்தில் ஆறு பெண்கள், இடுப்பில் கூடையோடு வரிசையாக நின்றார்கள். யாரோ ஒரு பட்டணத்து ஓவியர் எழுபதாம் வருஷம் இங்கே விருந்தாளியாக வந்து, பழம் பறித்தவர்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அதை ஸ்கிரீன் பிரிண்டாக அடித்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அடிக்கிற அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை அடிக்க வேண்டும். துணியில் எந்த இடத்தை அடைக்கிறோமோ அந்த இடத்தில் மை இறங்காது. சிவப்பு, கறுப்பு, மண்நிறம் என்று ஐந்து அடுக்கு எண்ணினாள். வலது ஓரத்துப் பச்சை ஆறாவது. எல்லாவற்றுக்கும் மேலே, பிற்பாடு, வேறு மையில் அடித்தது.

சாய்வெளிச்சம் போட்டுப் பார்க்க அறை இருட்டாக வேண்டும். திரைகளை இழுத்துவிட்டு, மேசைக்குச் சமமாக டார்ச்சைப் படுக்கவைத்தாள். பகல் இரண்டு மணி. வெளியே காப்பி காயப்போடும் களத்தில் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் தாளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. சுருக்கங்கள் குன்றுகளாகவும் துருப்புள்ளிகள் குழிகளாகவும் எழுந்து நின்றன. பச்சைக்கு அடியில் ஒரு மேடு இருந்தது. தோள். கூடையின் வளைவு. பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு, சின்னதாக இன்னொன்று.

"ஏழு பேர்தான்" என்று கதவருகில் குரல் கேட்டது. பங்களாவம்மா, கையில் காப்பியோடு. "மத்த பிரதியிலெல்லாம் ஏழு பேர் இருக்காங்க. இதுல மட்டும் ஒருத்தியை மூடியாச்சு."

"ஏனுங்க?" என்று வாயில் வந்ததை விழுங்கி, "எதுக்கு மேடம்?" என்றாள்.

"அதெல்லாம் பழைய கதைம்மா. அவ பொண்ணு சின்னது, கீழே விழுந்த பழம் பொறுக்கிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன், இனிமே பொறுக்க வராதுன்னு சொல்லியிருக்கா. நம்ம கணக்கு எழுதற ரைட்டர் ஐயாக்கண்ணு ஏதோ கிண்டலா சொல்ல, கூடையாலேயே அடிச்சுட்டா. அன்னிக்கே வெளியே அனுப்பியாச்சு. எங்க வீட்டு ஐயாதான், சாப்பிடும்போது அந்த மூஞ்சியைப் பார்க்க முடியாதுன்னு ஓவியர்கிட்ட சொல்லி மூட வச்சார்." சிரித்தாள். "இப்ப காலம் மாறிப்போச்சு. அண்ணன் சொல்றார், அவளைத் திறந்து விடு, அதுதான் இந்தப் படத்துக்கே கதைன்னு. முடியுமில்ல?"

"முடியும் மேடம்."

"முகம் வந்துட்டா ஐயாக்கண்ணு பேரைச் சொல்லிடுவார். ஆளைக் கண்டுபிடிச்சு மெட்ராஸுக்கே கூட்டிட்டுப் போய், படத்துப் பக்கத்துல நிக்க வச்சு போட்டோ. நல்லா இருக்குமில்ல? நீ நம்ம பொண்ணு மாதிரி, உன்கிட்டதான் சொல்றேன், வெளியே சொல்லாதே."

கலாவதி தலையாட்டினாள். ஆறு வயதில் ஒரு ராத்திரி பாத்திரங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு இன்னொரு எஸ்டேட்டுக்கு நடந்தது நினைவிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க தண்ணி சரியில்ல சாமி" என்றுதான் அம்மா சொன்னாள்.

மறுநாள் காலை சமையல்கார மரியபுஷ்பம் வந்து கூப்பிட்டாள்.

"கலாம்மா, பின்னால ஒரு அம்மா வந்து நிக்குது. தலைச்சோலையில இருந்து நடந்தே வந்துச்சாம். மெட்ராசுப் புள்ள வந்திருக்குதாமே, பாக்கோணும்ங்குது. மெட்ராசுப் புள்ளைன்னா என்ன, பொருட்காட்சியான்னு கேட்டுப்போட்டேன்."

சமையல்கட்டுப் படிக்குக் கீழே காளியாயி நின்றாள். சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டிருந்தாள். மழை அதன் நுனியில் சொட்டியது. கையில் ஒரு பை. மகளைப் பார்த்ததும் முகம் விரிந்தது. வாய் திறந்தது. பிறகு அவள் கண்கள் கலாவதியின் முகத்திலிருந்து மரியபுஷ்பத்துக்குப் போய், அங்கிருந்து கலாவதியின் இஸ்திரி போட்ட புடவைக்கு வந்து, தரைக்கு இறங்கின. அவ்வளவு நேரம்தான் ஆயிற்று அவளுக்குப் புரிந்துகொள்ள.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "எங்கூரு ஆரஞ்சு. மெட்ராசுல இந்தப் பழம் கெடைக்காதுன்னாங்க. பஸ்ஸு கண்டக்டரு நீங்க வந்திருக்கறதாச் சொன்னானுங்க. அதான் குடுத்துப்போட்டுப் போலாம்னு."

"வச்சுட்டுப் போங்க" என்றாள் கலாவதி.

"சரிங்க."

பெற்றவள் தன்னை 'ங்க' போட்டுப் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். காது எரிந்தது. அம்மா மேல்தான் கோபம் வந்தது, ஏன் வந்தாய் என்று. சேறு ஒட்டிய கால், பாதையேறிப் போகிற வரைக்கும் அந்தக் கோபம் நின்றது.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் மரியபுஷ்பம்.

"எங்க ஊட்டுப் பக்கம்... வீட்டுப் பக்கம், பழம் விக்க வருவாங்க."

"தலைச்சோலையில இருந்து சேலத்துக்கா? பரவால்லையே, நொம்பத்தான் நடக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சாப்பாட்டு அறைக்குத் திரும்பித் திரையை இழுத்து டார்ச்சை வைத்தபோது, பச்சைக்கு அடியில் இருந்த மேடு உயர்ந்திருந்தது. நேற்று தோளும் கூடையும்தான் தெரிந்தன. இன்று நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, மூடிய உதடு தெரிந்தது. நனைந்த துணிக்குப் பின்னால் ஒருவர் முகத்தை வைத்து அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. ஈரத்தில் தாள் உப்பும். பாடத்தில் இருக்கிறது. கலாவதி படத்தைத் தூக்கி மேசையைப் பார்த்தாள். அடியில் வெள்ளைத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை.

வேலை செய்தால் பயம் போய்விடும் என்று நினைத்தாள். அடியில் ஒற்றுத்தாள் வைத்தாள். மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றித் தண்ணீரில் தொட்டு உருட்டினாள். பச்சை அசையவில்லை. ஸ்பிரிட்டுக்கும் அசையவில்லை. அசிட்டோனில் தொட்டதும் வந்தது. இவ்வளவு சுலபமாக வரக்கூடாது. அடி அடுக்குக் கலையாமல், மேல் அடுக்கு மட்டும், காத்திருந்த மாதிரி பஞ்சில் ஏறிக்கொண்டது.

முதலில் கால்கள் வந்தன. செருப்பில்லாத, விரல் விரிந்த கால்கள். பிறகு தூக்கிச் செருகிய சேலை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி, முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. ரிப்பன் இல்லை, வாழைநார். நார் ஈரமாக இருந்தால் இறுக்கிக் கட்ட வரும் என்று அம்மா அதை வாயில் வைத்து நனைப்பாள்.

சாயங்காலத்துக்குள் கழுத்துவரை திறந்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் முகம்.

முப்பது வயசுக் காளியாயி. இடது புருவத்தை வெட்டிய தழும்பு. வெயிலுக்குச் சுருங்கிய கண். வரிசையில் மற்ற ஆறு பேரும் கேமராவைப் பார்த்தார்கள். இவள், மேசைமேல் குனிகிறவளைப் பார்த்தாள். கலாவதி இடப்பக்கம் நகர்ந்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள். போட்டோவில் அப்படித்தான் இருக்கும், எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. தினமும் காலையில் தலை சீவும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம் இது. தழும்பு ஒன்றுதான் வித்தியாசம். ஐயாக்கண்ணு பேரைச் சொல்லவே வேண்டாம், யார் பார்த்தாலும் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்து அவளைத்தான் பார்ப்பார்கள்.

செருப்புச் சத்தம் கேட்டது. ஒற்றுத்தாளை எடுத்து முகத்தின் மேல் போட்டாள்.

"ஆச்சா?" என்றாள் பங்களாவம்மா.

"முகம் மட்டும் பாக்கி மேடம்."

"நாளைக்குக் காலையில போட்டோகிராபர் வர்றார். ஐயாக்கண்ணுவையும் வரச் சொல்லியிருக்கேன். உன் லெட்டர் எழுதி வச்சாச்சு, கையெழுத்துதான் போடணும்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கலாவதி நின்றாள். மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பொய் சொன்னவள் என்று லெட்டரைக் கிழிப்பார்கள். கிழிக்காவிட்டால் இன்னும் கேவலம். 'அட, நீதானா அந்தக் குழந்தை' என்று சிரிப்பார்கள், இரண்டு பேரையும் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், இவர்கள் துரத்தியது இவர்கள் செய்த தர்மமாகிவிடும். வேலை நிரந்தரமானால் அம்மாவை மெட்ராஸுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம். பறிக்க வேண்டாம், நனைய வேண்டாம். அதற்காகத்தான். அம்மாவுக்காகத்தான். இப்படிச் சொல்லிக்கொண்டே புதுப் பஞ்சை எடுத்துத் தடிமனாகச் சுற்றினாள். அசிட்டோன் பாட்டிலில் முக்கி எடுத்தாள். சொட்டச் சொட்ட.

'மூடியிருந்த மை முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது மேடம்' என்று சொல்லிவிடலாம். பழைய பிரதிகளில் இது சகஜம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒற்றுத்தாளைத் தூக்கினாள். முகம் இருந்த இடத்தில் அதன் உட்பக்கம் ஈரமாக இருந்தது. இரண்டு இடத்தில், வட்டமாக.

வாயில் தொடங்கினாள். உருட்டினாள். மண்நிறம் பஞ்சில் ஏறியது. அறைக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அசிட்டோன் பட்ட இடம் ஜில்லென்று ஆகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். இந்தத் தாள் சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் கன்னம் மாதிரி. மூக்கு. பஞ்சை மாற்றினாள். வலது கண். கண் கடைசிவரை மூடவில்லை. இடது கண். புருவம். விறகுப் புகை. தேங்காயெண்ணெய். துடை. இன்னும். துடை.

முடிந்தது.

அழுக்குப் பஞ்சுகளைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். பொழுது சாய்கிற நேரத்தில் குழாயடியில் மறுபடி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மரியபுஷ்பம் வந்தாள். இந்தத் தடவை அவள் கிண்டல் பேசவில்லை.

"கலாம்மா, நேத்து வந்த அம்மா மறுபடி வந்திருக்குது. மேலுக்கு என்னமோ முடியலீங்க போல. கேட்டா பேச மாட்டேங்குது. வேலியப் புடிச்சுத் தடவித் தடவிக்கிட்டு வந்துச்சு. அதுக்குக் கண்ணு தெரியாதுங்களா? நேத்து நல்லாத்தானே வந்துச்சு."

காளியாயி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். கொங்காடை முகத்தை மறைத்து மார்புவரை இறங்கியிருந்தது. இரண்டு கையும் முழங்காலில் கிடந்தன. முள் கிழித்திருந்தது. கலாவதி மரியபுஷ்பத்துக்கு முதுகைக் காட்டி, அம்மாவுக்கு எதிரே குந்தினாள். சாக்கின் நுனியைத் தூக்கினாள்.

நெற்றி இருந்தது. நரைமுடி அதில் ஒட்டியிருந்தது. காதுகள் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. புண் இல்லை, ரத்தம் இல்லை. தாள். மஞ்சளோடிய, தடித்த, பழைய தாள். பஞ்சு உருண்ட வட்டங்கள் அதில் தெரிந்தன. இடது புருவத்தில் ஒரு கீற்று மட்டும் மிச்சம், அவசரத்தில் விட்டது. மழைத்தண்ணீர் நெற்றியிலிருந்து இறங்கி, சுற்றிப் போக எதுவும் இல்லாமல், நேராக மோவாய்க்கு வந்து சொட்டியது.

"யாரு கலா அது?"

பங்களாவம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

ஒரு சொல் போதும். கலாவதியின் கை சாக்கைக் கீழே இழுத்துவிட்டது.

"தெரியலைங்க மேடம். யாரோ, இடம் மாறி வந்துட்டாங்க போல."

கொங்காடைக்குள் தலை அசைந்தது. ஆமாம் என்று. பிறகு காளியாயி சுவரைப் பிடித்து எழுந்தாள். களத்தைத் தாண்டினால் பாதை பிரியும். வலது கைப் பாதை மேலே பஸ் ரோட்டுக்குப் போகும். இடது கைப் பாதை கிளியூர் அருவி விழுகிற பாறை முனைக்கு. அவள் செடிகளைத் தடவிக்கொண்டு போனாள். பழக்கத்தில் விரல்கள் பழுத்ததை மட்டும் திருகி எடுத்தன, மடியில் போட்டன, காயை விட்டன.

பிரிகிற இடத்தில் நின்றாள். கொங்காடை மெதுவாகப் படியின் பக்கம் திரும்பியது. காது இருக்கிறது. காத்துக்கொண்டு நின்றாள்.

"பாவம், வயசாயிடுச்சு போல" என்றாள் பங்களாவம்மா. கலாவதியின் தோளில் கை வைத்தாள். "குளிருது, உள்ளே வாம்மா."

கலாவதி வாயைத் திறந்தாள். மூடினாள்.

அங்கே கொங்காடை திரும்பிக்கொண்டது. தண்ணீர் இரைகிற பக்கம். பனிக்குள் ஒரு கை நீண்டு அடுத்த செடியைத் தேடியது. அந்தப் பக்கம் அதற்குமேல் செடி இல்லை.